பாஸ்டன் காலேஜ் பெண்கள் லக்ராஸ்: மே மாத நாக்-அவுட் ஆட்டங்கள் (தொடர் இழை)

நியூட்டன்வாசி | 23 மே 2024, வியாழன்

லக்ராஸ் என்பது வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் அடிக்கும் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் லக்ராஸ் தேசியப் போட்டியில் நாளை நார்த் கரோலினா மாநிலம் கேரி நகரில் அரையிறுதிகள். ஒரு பக்கம் பாஸ்டன் காலேஜும் சிரக்யூஸும். மறுபக்கம் நார்த்வெஸ்டர்னும் ஃப்ளோரிடாவும். ஞாயிற்றுக்கிழமை இறுதி. இந்த அணியைப் பற்றித் தமிழில் பேச ஓர் இடம் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அதனால் இந்த இழை.

புதிதாக வருகிறவர்களுக்குக் கதைச்சுருக்கம். 2017இல் தரவரிசை எண்கூடக் கிடைக்காமல் போட்டிக்குள் வந்தது பாஸ்டன் காலேஜ். அரையிறுதியில் நேவியை 16-15 என்று தாண்டி இறுதிக்குப் போனது. ஃபாக்ஸ்பரோவின் ஜில்லெட் ஸ்டேடியத்தில் மேரிலாந்திடம் 13-16 தோல்வி. அந்த ஆட்டத்தில் கென்சி கென்ட் 5 கோல் அடித்து 5 கோலுக்குப் பந்து கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் ஒருவர் 10 புள்ளி எடுத்தது அதுவரை இல்லை. தோற்ற அணியில் இருந்துகொண்டே போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். குளிர்காலம் முழுக்க அதே கல்லூரிக்காக ஐஸ் ஹாக்கி ஆடிவிட்டு, அது முடிந்த கையோடு லக்ராஸ் ஸ்டிக்கை எடுத்தவர் அவர்!

2018இல் ஸ்டோனி புரூக்கில் ஜேம்ஸ் மேடிசனிடம் 15-16. அந்த ஆண்டின் டெவாரட்டன் விருது, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது, எங்கள் சாம் அபுஸோவுக்கு. கோப்பை எதிரணிக்கு. 2019இல் பால்டிமோரில் மறுபடி மேரிலாந்து, 10-12. 2020இல் கோவிட் வந்து மார்ச்சிலேயே சீசனை மூடிவிட்டார்கள். 2021இல்தான் விடிந்தது: டவ்சனில் சிரக்யூஸை 16-10 என்று வென்றார்கள். பாஸ்டன் காலேஜின் எந்தப் பெண்கள் அணிக்கும் அதுவே முதல் தேசியப் பட்டம். பிறகு 2022இல் நார்த் கரோலினாவிடம் 11-12, போன வருடம் நார்த்வெஸ்டர்னிடம் 6-18.

தொடர்ந்து ஆறு இறுதி ஆட்டங்கள், ஒரே ஒரு கோப்பை. நாளை ஜெயித்தால் ஏழாவது இறுதி. இந்த அணியைச் சிலர் 'கடைசியில் கோட்டை விடுகிறவர்கள்' என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. வருடா வருடம் ஆட்டக்காரர்கள் படிப்பு முடித்து வெளியேறும் கல்லூரி விளையாட்டில், மே கடைசி வாரம் வரை ஒவ்வொரு ஆண்டும் நிற்பதுதான் பெரிய காரியம்.

கோவில்பட்டி ஸ்டிக் | 23 மே 2024

அண்ணே, நான் ஹாக்கி ஊர்க்காரன். லக்ராஸ் ஆட்டத்தை யூடியூப்ல துண்டு துண்டாத்தான் பாத்திருக்கேன். வேகம் புடிச்சிருக்கு, விதி ஒண்ணும் புரியல. திடீர்னு விசில் அடிக்காங்க, எல்லாரும் சிலை மாதிரி நிக்காங்க, ஒரு பொண்ணு மட்டும் கோலைப் பாத்து ஓடுது. அது பெனால்டியா? அப்புறம் ஒவ்வொரு கோலுக்கும் பிறகு நடுவுல ரெண்டு பேரு ஸ்டிக்கை ஒட்டி வச்சிட்டு நிக்காங்களே, அது எதுக்கு? யாராவது பொறுமையா சொல்லுங்க.

தேன்மொழி நியூஜெர்சி | 23 மே 2024

நான் சொல்றேன் தம்பி. என் மகள் பள்ளி அணியில ஆடுறா, அதனால வாரக்கடைசி எல்லாம் மைதான ஓரத்துலதான்.

ஒரு பக்கம் கோல்கீப்பரைச் சேத்து 12 பேர். 15 நிமிஷம் வீதம் நாலு கால்பகுதி. 2022க்கு முன்னாடி 30 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி. கோல் 6 அடிக்கு 6 அடி. பெண்கள் ஆட்டத்துல உடம்பால மோதக் கூடாது. அதனால ஹெல்மெட் கட்டாயமில்ல. கண் கவசமும் பல் கவசமும் கட்டாயம். பெண்கள் ஸ்டிக்கோட வலை ஆழம் குறைவு, பந்தை வச்சுட்டு பக்கவாட்டுல பாத்தா பந்தோட மேல்பகுதி வெளிய தெரியணும். அப்ப ஓடும்போது பந்து விழாம இருக்க மணிக்கட்டை ஆட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்குத்தான் அந்தத் தொட்டிலாட்டுற மாதிரி அசைவு.

நீங்க கேட்ட விசில்: கோலுக்கு முன்னாடி 8 மீட்டர் வளைவு ஒண்ணு வரைஞ்சிருப்பாங்க. அதுக்குள்ள தடுக்கிறவங்க பெரிய தப்பு பண்ணினா, தாக்குற ஆளுக்கு அந்த வளைவுக் கோட்டுல இடம் குடுப்பாங்க. மத்தவங்க விலகி நிக்கணும். விசில் அடிச்சதும் ஓடிப்போய் அடிக்கலாம், மத்தவங்க பாய்ஞ்சு வந்து தடுக்கலாம். இன்னொரு விதி புதுசா பாக்குறவங்களுக்குப் புரியவே புரியாது: கோலுக்கும் ஷாட் அடிக்கிற ஆளுக்கும் நடுவுல, யாரையும் மார்க் பண்ணாம சும்மா போய் நிக்கக் கூடாது. பந்து மேல பட்டா ஆபத்துங்கிறதால உடனே தப்பு குடுத்துடுவாங்க. மஞ்சள் அட்டை வாங்கினா 2 நிமிஷம் வெளிய, அணிக்கு ஓர் ஆள் குறைவு.

இப்ப முக்கியமானது. நடுவுல ரெண்டு பேர் நிக்கிறதுக்குப் பேர் டிரா. ரெண்டு ஸ்டிக்கோட முதுகையும் ஒட்டவச்சு நடுவுல பந்தை வைப்பாங்க. விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் மேல இழுக்கணும், பந்து தலைக்கு மேல போகணும். கைக்கு வர்ற வரைக்கும் பக்கத்துக்கு மூணு பேர்தான் நடுப்பகுதியில இருக்கலாம். ஒவ்வொரு கோலுக்கு அப்புறமும் இது நடக்கும். ஹாக்கியில கோல் வாங்கின அணிக்குப் பந்து போகும். இங்க அப்படி இல்ல. கோல் போட்ட அணியே டிராவையும் ஜெயிச்சா மறுபடி பந்து அவங்களுக்குத்தான். அஞ்சு கோல் அடுத்தடுத்து விழுந்துடும், எதிரணி பந்தைத் தொட்டே இருக்காது. ஸ்கோரைப் பாக்குறதுக்கு முன்னாடி டிரா எண்ணிக்கையைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

கோவில்பட்டி ஸ்டிக் | 23 மே 2024

இப்பத்தான்க்கா விளங்குது. அப்ப ஒரு அணி பந்தை வச்சுட்டு நேரத்தைக் கடத்திட்டா?

தேன்மொழி நியூஜெர்சி | 23 மே 2024

முன்னாடி அப்படித்தான் நடந்துச்சு. முன்னிலை வந்ததும் பந்தைச் சுத்திச் சுத்தி வச்சிருப்பாங்க. 2017ல இருந்து 90 விநாடி ஷாட் கிளாக் வந்துடுச்சு. அந்த விதிதான் ஆட்டத்தையே மாத்துச்சு. பின்தங்கின அணிக்கு இப்ப எப்பவும் ஒரு வழி உண்டு.

எவன்ஸ்டன் குளிர் | 23 மே 2024

நான் நார்த்வெஸ்டர்ன் பக்கம். நியூட்டன்வாசி அண்ணனிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். இறுதிக்குப் போவது பெருமைதான், ஆனால் கடைசி நாளில் கோப்பையைத் தூக்குவதற்காகத்தான் ஆடுகிறோம். எங்கள் பயிற்சியாளர் கெல்லி அமோன்டி ஹில்லர் 2005 முதல் 2009 வரை வரிசையாக ஐந்து பட்டம், பிறகு 2011, 2012, 2023 என்று மொத்தம் எட்டுப் பட்டம் கொண்டுவந்தார். 2005இல் 21 ஆட்டம், 21 வெற்றி. அதற்கு நாலே வருடம் முன்பு எங்கள் கல்லூரியில் முழுத் தகுதியுள்ள அணியே கிடையாது, மாணவிகள் கிளப்பாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்து, லக்ராஸே தெரியாத அவர்களை அழைத்துவந்து தேசிய சாம்பியன்கள் ஆக்கினார்.

இப்போது எங்களிடம் இஸி ஸ்கேன் இருக்கிறார். முழங்கால் தசைநார் கிழிந்து 2022 முழுக்க உட்கார்ந்திருந்தவர், திரும்பிவந்து 2023இல் டெவாரட்டன் வாங்கினார். இந்த ஆண்டு, கல்லூரிக் காலம் முழுவதும் சேர்த்து உங்கள் சார்லட் நார்த் அடித்த 358 கோல் சாதனையையும் தாண்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்திப்போம்.

நியூட்டன்வாசி | 23 மே 2024

ஸ்கேன் பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அபாரமான ஆட்டக்காரர். ஆனால் சார்லட் நார்த் பெயரை எடுத்தபிறகு நான் சும்மா இருக்க முடியாது. டெக்ஸஸின் டாலஸிலிருந்து வந்தவர். முதலில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு எங்களிடம் மாறினார். 2021இல் ஒரே சீசனில் 102 கோல். அதற்கு முன் அதிகபட்சம் ஸ்டோனி புரூக்கின் கோர்ட்னி மர்ஃபி 2016இல் அடித்த 100. அந்த ஆண்டு அரையிறுதியில் தோல்வியே காணாத நார்த் கரோலினாவை 11-10 என்று வென்றதும், இறுதியில் நார்த் 6 கோல் அடித்ததும் என் கண்ணைவிட்டு அகலாது. இன்று பள்ளிச் சிறுமிகள் முதுகுக்குப் பின்னால் ஸ்டிக்கைக் கொண்டுபோய் ஷாட் அடித்துப் பழகுகிறார்கள் என்றால் அவருக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ராலே கார்த்தி | 23 மே 2024

நான் கேரிக்குப் பக்கத்துல இருக்கேன். வேக்மெட் சாக்கர் பார்க் எங்க வீட்டுலேருந்து கார்ல கொஞ்ச தூரம்தான். வழக்கமா அங்க நார்த் கரோலினா கரேஜ் பெண்கள் கால்பந்து பாக்கப் போவோம். போன வருஷ இறுதியும் இங்கதான் நடந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அங்கேருந்தே ஸ்கோர் போடறேன்.

போட்டி எப்படி நடக்குதுன்னும் ஒரு வரி சொல்லிடறேன். மொத்தம் 29 அணிகள். கல்லூரிகள் தங்களுக்குள்ள சேர்ந்து ஆடுற குழுக்களை 'மாநாடு'ன்னு சொல்லுவாங்க. மாநாட்டுப் பட்டம் வென்றவங்களுக்கு நேரடி இடம், மீதியைத் தேர்வுக் குழு நிரப்பும். முதல் மூணு இடத்துல இருக்கிறவங்களுக்கு முதல் சுற்று ஆட்டம் இல்லை. கால் இறுதி வரைக்கும் தரவரிசையில மேல இருக்கிற கல்லூரியோட மைதானத்துல. கடைசி நாலு அணிகள் மட்டும் மெமோரியல் டே (மே மாசக் கடைசித் திங்கள் விடுமுறை) வாரக்கடைசியில ஒரே ஊர்ல கூடும். ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ராலே கார்த்தி | 24 மே 2024, வெள்ளி

பாஸ்டன் காலேஜ் 10, சிரக்யூஸ் 7. நார்த்வெஸ்டர்ன் 15, ஃப்ளோரிடா 11. போன வருஷ இறுதி அப்படியே திரும்ப வருது.

தேன்மொழி நியூஜெர்சி | 24 மே 2024

இந்த அளவு ஆட்டத்துல 7 கோல்தான் குடுத்தாங்கன்னா அது தற்காப்போட வெற்றி. கோல்கீப்பர் ஷே டோல்ஸும் முன்னால சிட்னி ஸ்கேல்ஸும். எல்லாரும் கோல் அடிக்கிறவங்களையே பேசறோம். மே மாசத்துல கோல்கீப்பர்தான் கோப்பையைத் தீர்மானிக்கிறார். 2019 இறுதியை நினைச்சுப் பாருங்க: மேரிலாந்து கோல்கீப்பர் மேகன் டெய்லர். அந்த வருஷம் டெவாரட்டனும் அவங்களுக்குத்தான். அந்த விருதை வாங்கின முதல் கோல்கீப்பர், ஆண்கள் பக்கத்தையும் சேத்து.

நியூட்டன்வாசி | 24 மே 2024

உண்மை. 2021இல் எங்களுக்கு ரேச்சல் ஹால் இருந்தார். அவர் இல்லாமல் நார்த்தின் 102 கோலும் கோப்பையைக் கொண்டுவந்திருக்காது.

ராலே கார்த்தி | 26 மே 2024, ஞாயிறு

முதல் கால்பகுதியிலயே 6-0. நார்த்வெஸ்டர்ன்.

எவன்ஸ்டன் குளிர் | 26 மே 2024

போன வருடம் மாதிரியே போகிறது.

நியூட்டன்வாசி | 26 மே 2024

இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. ஒரு கோல் விழுந்தால் போதும்.

தேன்மொழி நியூஜெர்சி | 26 மே 2024

அவசரப்பட்டு அடிக்கக் கூடாது, அவ்ளோதான். ஒவ்வொரு தாக்குதலுக்கும் 90 விநாடி இருக்கு. பொறுமையா ஆடட்டும்.

கோவில்பட்டி ஸ்டிக் | 26 மே 2024

இங்க ராத்திரி. வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, நான் முழிச்சிருக்கேன். அக்கா சொன்னது கண்ணு முன்னாடி நடக்கு. கோல், டிரா, கோல். ஆறு வித்தியாசம் கரைஞ்சே போச்சே!

ராலே கார்த்தி | 26 மே 2024

14-13. பாஸ்டன் காலேஜ் சாம்பியன்!!! தொண்டை போச்சு. மைதானத்துல மரூன் சட்டை எல்லாம் ஒரே குவியலாக் கிடக்குது. எதுத்த பக்கம் ஊதா சட்டைப் பிள்ளைங்க தரையில உக்காந்துட்டாங்க, அதையும் பாக்க முடியல.

எவன்ஸ்டன் குளிர் | 26 மே 2024

வாழ்த்துகள் அண்ணா. 6-0லிருந்து எழுந்து வந்த அணிக்கு எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஸ்கேன் கோப்பையோடு விடைபெற வேண்டும் என்று ஆசைப்பட்டேன். 376 கோலோடு முடிக்கிறார்.

நியூட்டன்வாசி | 26 மே 2024

நன்றி தம்பி. கை நடுங்குகிறது, விரிவாக நாளை எழுதுகிறேன். இப்போது ஒன்று மட்டும். பெல் ஸ்மித் 2021இல் முதலாண்டு மாணவியாகக் கோப்பையைத் தொட்டார், இன்று கடைசி ஆட்டத்தில் மறுபடி தொட்டார். நடுவில் இருந்த இரண்டு ஆண்டும் இறுதியில் தோல்வி. நான்கு ஆண்டில் நான்கு இறுதி ஆட்டங்கள். இந்த அணியின் கதை எல்லாம் அவரிடம் இருக்கிறது.

நியூட்டன்வாசி | 28 மே 2024

சொன்னபடி வருகிறேன். ஆட்டத்தை மறுபடி முழுதாகப் பார்த்தேன். 6-0 ஆன பிறகும் பயிற்சியாளர் அகேஷியா வாக்கர்-வைன்ஸ்டீன் அணி தன் வழக்கமான ஆட்டத்தை விடவில்லை என்பதுதான் என் மனதில் நிற்கிறது. பதறிய அணி தூரத்திலிருந்து அடிக்கும், தடுப்பில் கார்டு வாங்கும், ஆள் குறையும், இன்னும் நாலு கோல் விழும். போன வருடம் 6-18இல் ஏறக்குறைய அதுதான் நடந்தது. இந்த முறை பந்தைக் கைமாற்றி, இடம் திறக்கும்வரை காத்திருந்தார்கள். வர்ஜீனியாவிலிருந்து மாறிவந்த ரேச்சல் கிளார்க், ஃப்ளோரிடாவிலிருந்து வந்த எம்மா லோபின்டோ இருவரும் இந்தக் கல்லூரியில் முதல் ஆண்டு ஆடுகிறவர்கள். ஆறு கோல் பின்தங்கியபோது அவர்களைத் தாங்கியவர்கள் பழைய தோல்விகளைப் பார்த்த மூத்தவர்கள். தோற்ற இறுதிகள் வீண் போகவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கோவில்பட்டி ஸ்டிக் | 29 மே 2024

ஒரு சந்தேகம். ஒரு கல்லூரிப் பெண்கள் அணிக்கு இவ்ளோ மைதானம், பயிற்சியாளர், டிவி. எப்படி வந்துச்சு? எங்க பக்கம் நல்லா ஆடுற பிள்ளைங்க கல்லூரி சேர்ந்ததும் ஸ்டிக்கை வச்சிருதாங்க.

தேன்மொழி நியூஜெர்சி | 29 மே 2024

சட்டம்தான் தம்பி. 1972ல டைட்டில் நைன்னு ஒரு சட்டம் வந்துச்சு. மத்திய அரசோட பணம் வாங்குற கல்வி நிலையம் எதுவும் படிப்பிலயோ விளையாட்டிலயோ பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது. அதுக்கப்புறம்தான் கல்லூரிகள் பெண்கள் அணிகளைப் பெருக்கினாங்க. பெண்கள் லக்ராஸுக்கு இந்தத் தேசியப் போட்டி 1982ல தொடங்குச்சு, முதல் சாம்பியன் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம்.

ஆனா ஆட்டத்தோட வேர் இன்னும் ரொம்பப் பழசு. இந்த மண்ணோட பூர்வகுடிகளான ஹோடெனொஷோனி மக்களோட ஆட்டம் இது. அதைப் பார்த்துட்டுப் போன வெள்ளைக்காரங்க மூலமா ஸ்காட்லாந்துல செயின்ட் லெனர்ட்ஸ்னு ஒரு பெண்கள் பள்ளியில 1890ல ஆட ஆரம்பிச்சாங்க. அங்க படிச்ச ரோஸபெல் சின்க்ளேர் 1926ல பால்டிமோர்ல ஒரு பெண்கள் பள்ளியில இதை நிலைநிறுத்தினார். ஆட்டம் கடலைத் தாண்டிப் போயி திரும்பி வந்தது.

ஒரு குறையும் சொல்லணும். பள்ளி அணி மட்டும் போதாது, கிளப்புல சேர்ந்து கோடை முழுக்க ஊர் ஊரா போட்டிக்குப் போனாத்தான் கல்லூரிப் பயிற்சியாளர்கள் கண்ணுல படலாம்ங்கிற நிலைமை. அதுக்கு ஆகுற செலவு எல்லாக் குடும்பத்தாலயும் முடியாது. எங்க வீட்டுலயும் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டுத்தான் சேக்கறோம். லாங் ஐலண்ட், மேரிலாந்து, கனெக்டிகட்னு சில இடங்கள்லேருந்தே ஆட்டக்காரங்க வர்றதுக்கு இது ஒரு காரணம்.

எவன்ஸ்டன் குளிர் | 30 மே 2024

அந்த எல்லை மெல்ல உடைகிறது அக்கா. சார்லட் நார்த்தின் ஊர் டெக்ஸஸ், ஸ்கேன் மிச்சிகன்காரர். கோல் சாதனையில் முதல் இரண்டு பேரும் பழைய லக்ராஸ் ஊர்களிலிருந்து வரவில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் லக்ராஸ் வருகிறது. அதன்பிறகு இன்னும் பரவும் என்று நம்புகிறேன். அந்த மேடையில் ஹோடெனொஷோனி அணிக்குத் தன் கொடியோடு ஆட இடம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

(இன்று மாலை டெவாரட்டன் மறுபடி ஸ்கேனுக்கே. மனம் நிறைந்தது.)

ராலே கார்த்தி | 23 மே 2025, வெள்ளி

இழையை மேல தூக்கறேன். இன்னைக்கு அரையிறுதி, இந்த முறை ஃபாக்ஸ்பரோ ஜில்லெட் ஸ்டேடியம். நியூட்டன்வாசி அண்ணனுக்கு வீட்டு வாசல்லயே ஆட்டம். மறுபடி நார்த்வெஸ்டர்ன்!

நியூட்டன்வாசி | 23 மே 2025

11-12. முடிந்தது.

வரிசையாக ஏழு இறுதி ஆட்டங்கள் இதே மைதானத்தில் 2017இல் தொடங்கின, எட்டாவது கிடைக்கவில்லை. ஒரு கோல் வித்தியாசம். நேரில் இருந்தேன். மூத்தவர்கள் ஒவ்வொருவராகச் சிறுமிகளிடம் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், அழுதுகொண்டே. தோற்ற அரை மணி நேரத்துக்குள் அதைச் செய்ய ஒரு பெரிய மனசு வேண்டும்.

எவன்ஸ்டன் குளிர் | 24 மே 2025

அண்ணா, போன வருடம் நான் கோப்பை மட்டும்தான் கணக்கு என்று எழுதியிருந்தேன். அந்த நிலையில்தான் இன்றும் இருக்கிறேன். ஆனால் கடைசி நான்கில் வரிசையாக எட்டு முறை நின்ற அணியை வீழ்த்த எங்கள் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆட வேண்டியிருந்தது. நாளை நார்த் கரோலினா. ஒரு தோல்வியும் இல்லாமல் வருகிறார்கள், அரையிறுதியில் ஃப்ளோரிடாவை 20-4.

ராலே கார்த்தி | 25 மே 2025, ஞாயிறு

நார்த் கரோலினா 12, நார்த்வெஸ்டர்ன் 8. எங்க மாநிலத்துக்குக் கோப்பை. 22 ஆட்டம், 22 வெற்றி. ஜென்னி லெவிக்கு நாலாவது பட்டம். ஹம்ஃப்ரி சகோதரிகள் மூணு பேரும் ஒரே அணியில: க்ளோயி, ஆஷ்லி, நிக்கோல். சின்னவ க்ளோயிக்கு இதுதான் முதல் சீசன்!

எவன்ஸ்டன் குளிர் | 25 மே 2025

எங்களுக்கு மூன்று ஆண்டில் மூன்று இறுதி, ஒரு கோப்பை. எட்டு கோலுக்குமேல் எங்களை அடிக்கவிடாத தற்காப்பு அது. தகுதியான சாம்பியன்.

கோவில்பட்டி ஸ்டிக் | 26 மே 2025

அண்ணே, அடுத்த வருஷம் பாஸ்டன் காலேஜ் நிலைமை என்ன? கிளார்க், லோபின்டோ எல்லாம் முடிச்சிட்டாங்கன்னா கோல் யாரு அடிப்பா?

நியூட்டன்வாசி | 26 மே 2025

இருவரும் நான்கு ஆண்டு ஆடி முடித்துவிட்டார்கள். முன்வரிசையைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆனால் ஷே டோல்ஸுக்கு இன்னும் ஓர் ஆண்டு மிச்சம் இருக்கிறது. நல்ல கோல்கீப்பர் இருக்கும் அணி கோல் அடிக்க ஆள் தேடிக்கொள்ள முடியும். இதை மறுபுறமாகச் செய்வதுதான் கடினம். 2022இல் நார்த் போனபிறகு இந்த அணி முடிந்தது என்றார்கள். அடுத்த மூன்று ஆண்டும் கடைசி நான்கில் இருந்தது.

பிப்ரவரியில் சீசன் தொடங்கும். ஏப்ரல் கடைசியில் மாநாட்டுப் போட்டி, மே முதல் வாரத்தில் அணிகள் அறிவிப்பு. முதல் சில ஆட்டங்களில் டிரா வட்டத்தில் யார் நிற்கிறார், பக்கத்தில் யார் பந்தைப் பொறுக்குகிறார் என்று மட்டும் பார்த்து இங்கே எழுதுங்கள் தம்பி. ஹாக்கி கண் உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும்.

கோவில்பட்டி ஸ்டிக் | 26 மே 2025

கண்டிப்பா எழுதுதேன் அண்ணே. எங்க ஊர் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் 2024 இறுதியைப் போட்டுக் காட்டினேன். அந்த டிராவை ரெண்டு ஹாக்கி ஸ்டிக்கை வச்சே செஞ்சு பாத்துட்டு இருக்காங்க.